ஒரு அம்மாவுக்கு இரண்டு திதி

அன்று காலை நான் ஆம்லெட் சாப்பிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் திதி மறுநாள்தான். வைகாசி வளர்பிறை திரயோதசி. வருஷா வருஷம் முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் அண்ணாவின் ஊரில் போய் இறங்குவேன். ராத்திரி ஒன்றும் சாப்பிடாமல் படுத்து, விடியற்காலையில் குளித்து, அண்ணாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவோம். விரதம் எல்லாம் அந்தச் சாயங்காலத்தில் இருந்துதான் எனக்கு ஆரம்பம். காலையில் சாப்பிட்ட ஆம்லெட் கணக்கில் வராது.

நான் லிஃப்ட் மெக்கானிக். இந்த வருஷம் வேலையே என்னை ஒரு வேளை முன்னதாக அங்கே கொண்டுபோய் இறக்கியது. அண்ணா ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. விலை உயர்ந்த புடவைகள் எல்லாம் மூன்றாம் மாடியில். முழங்கால் வலிக்காரப் பெண்மணிகள் கீழேயே மலிவான புடவையை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறார்கள் என்று முதலாளி போனில் கதறினார். முதல் பஸ்ஸில் கிளம்பினேன். பஸ் நிலையக் கடையில் ரொட்டியும் ஆம்லெட்டும். போய்ப் பார்த்தால் கதவுப் பூட்டின் காண்டாக்டில் அழுக்கு, அவ்வளவுதான். துடைத்து, நாலு தடவை மேலும் கீழும் ஓட்டிக் காட்டிவிட்டு பதினோரு மணிக்கு வெளியே வந்தேன்.

அண்ணா முன்னால் திடீரென்று போய் நிற்கலாம் என்று எனக்கு ஆசை. அறுபது வயதாகியும் என்னைப் பார்த்தால் கன்னத்தைத் தட்டுகிற அண்ணா. அப்பா போனபோது எனக்கு ஏழு வயது. பென்சில் சீவிக் கொடுத்தது முதல் வேலையில் சேர்த்துவிட்டது வரை அவன்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா கடைசி வரை என்னோடு இருந்தாள். அம்மாவும் போன பிறகு, எனக்கு என்று உலகத்தில் ஒரு போன் வருகிறது என்றால் அது அண்ணாவின் போன்தான். திதிக்கு முந்தின நாள் பகல் இரண்டு மணிக்கு, சொல்லி வைத்த மாதிரி, "டேய், பஸ் ஏறிட்டியா? எத்தனை மணிக்கு வருவே?" என்று கேட்பான். அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாவுக்கு மருந்துக்கடை. தெருவில் அவனை 'மாத்திரை' என்று சொன்னால்தான் தெரியும். போகிற வழியில் பார்த்தேன், கடை ஷட்டர் இறங்கியிருந்தது. 'இன்று விடுமுறை' என்று அண்ணாவின் கையெழுத்தில் ஒரு அட்டை. நாளைக்குத்தானே மூட வேண்டும், உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து நடையை எட்டிப் போட்டேன்.

வீட்டு மணியை மூன்று தரம் அடித்த பிறகு அண்ணி கதவைக் கால்வாசி திறந்தாள். ஈரத் தலையில் முடிச்சு. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி... நீங்க எங்க இப்ப?"

"ஏன் அண்ணி, கடன்காரனைப் பார்த்த மாதிரி நிக்கறீங்க? சமையலுக்கெல்லாம் தொந்தரவு பண்ண மாட்டேன். ஒரு டம்ளர் தண்ணி குடுங்க, போதும்."

அவள் வழி விடவில்லை. "உங்க அண்ணன் குளிச்சுக்கிட்டு இருக்காரு. நீங்க ஒரு நடை கடை வரைக்கும் போய்ட்டு..."

"கடை மூடியிருக்கே?"

அண்ணி நிலையில் கையை வைத்து மறித்தபோது உள்ளே இருந்து மந்திரம் கேட்டது. நெய்யும் எள்ளும் கலந்து வருகிற அந்த வாசனை. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அந்த வீட்டில் அடிக்கிற வாசனை. அண்ணியின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்தேன்.

கூடத்தில் சோபாவைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். நடுவில் மணையில் அண்ணா. ஈர வேட்டி, விரலில் தர்ப்பை மோதிரம், பூணூல் வலது தோளுக்கு மாறியிருந்தது. எதிரே நுனி தெற்குப் பார்க்க தர்ப்பை பரப்பியிருந்தது. நான் இதுவரை பார்த்தே இராத ஒரு இளம் ஐயர் மூன்று பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் அம்மா. அப்பாவைப் பெற்றவள். தாத்தாவைப் பெற்றவள்.

அண்ணா நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கையில் இருந்து வழிந்துகொண்டிருந்த எள்ளுத் தண்ணீர் நின்றது.

"நிறுத்தாதீங்க, விடுங்க விடுங்க," என்றார் ஐயர்.

"இது யாருக்கு சாமி?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சாதாரணமாகத்தான் கேட்டது.

"இவங்க அம்மாவுக்கு. நீங்க யாரு?"

"நானும் அந்த அம்மாவுக்குத்தான் பிறந்தேன்."

ஐயரின் முகம் மலர்ந்தது. "தம்பியா? வெளிநாட்டுல இருக்கறதா சொன்னாரே! எப்ப வந்தீங்க?"

"இருபது மாடி உயரம் வரைக்கும் போயிருக்கேன் சாமி. கடல் தாண்டினதில்லை. திதி நாளைக்குத்தானே?"

"நாளைக்கா? அம்மா காலமானது துவாதசி. துவாதசி இன்னிக்கு. நானே அஞ்சு வருஷமா வந்து பண்ணி வைக்கறேன். அதுக்கு முன்னாடி எங்க அப்பா. தப்பா யாரோ சொல்லியிருக்காங்க உங்களுக்கு."

யாரோ இல்லை. எனக்குச் சொன்னவன் எதிரே மணையில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா?" என்றேன்.

அவன் வாயைத் திறந்தான். ஐயர் கையை உயர்த்தினார். "கர்த்தா நடுவுல வேற பேச்சு பேசக் கூடாது. பிண்டம் வச்சு முடிக்கட்டும், அப்புறம் பேசிக்குங்க." பிறகு என்னிடம் தன்மையாகவே சொன்னார். "தம்பின்னா நீங்களும் உட்காரலாமே. குளிச்சுட்டு ஈர வேட்டியோட வாங்க, சேர்ந்தே பண்ணிடலாம். காலையில ஒண்ணும் சாப்பிடலையே?"

கூடம் முழுக்க என் பதிலுக்குக் காத்திருந்தது.

"ஆம்லெட்," என்றேன்.

ஐயர் கண்ணை மூடித் திறந்தார். "அப்ப ஒண்ணும் பண்றதுக்கில்லை. அப்படித் தள்ளி உட்காருங்க. எதையும் தொட்டுடாதீங்க."

போய் சோபாவில் உட்கார்ந்தேன். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு முட்டை. என் அண்ணா ஒரே ஒரு உண்மையை ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் அந்த முட்டை என் வயிற்றில் இருந்திருக்காது.

முக்கால் மணி நேரம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு வசதியான சட்டம். பேச வேண்டியதில்லை, திரும்ப வேண்டியதில்லை. எனக்கு அந்த முக்கால் மணி நேரத்தில் ஒன்பது வருஷத்துக்கு முந்தின ஒரு சாயங்காலம் முழுவதும் திரும்பி வந்தது.

அண்ணா பெண்ணின் கல்யாணத்துக்கு முந்தின நாள். அம்மாவை நான்தான் ஒரு வாரம் முன்பே அழைத்து வந்திருந்தேன். வந்த மூன்றாம் நாள் மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "தேறிட்டாங்க, முகூர்த்தம் முடிஞ்சதும் ஜோடியை அழைச்சுட்டுப் போய்க் காட்டலாம்" என்று அண்ணா சொன்னான். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்குள் நுழைகிற நேரம். அண்ணாவுக்கு ஒரு போன் வந்தது. "சரி... சரி... காலையில வரேன்," என்று சொல்லி வைத்தான். யார் என்று கேட்டேன். "பால்காரன்," என்றான். உடனே என் தோளைப் பிடித்துத் திருப்பினான். "முகூர்த்த மாலை இன்னும் வரலைடா. நீ போய் வாங்கிட்டு வந்துடு. வழியில எங்கயும் நிக்காதே, வாடிடும்."

மாலைக்கடை ஆஸ்பத்திரிக்கு அப்பால். திரும்பி வரும்போது, மடியில் பூக்கூடையோடு ஆட்டோவில், ஆஸ்பத்திரி வாசலைக் கடந்தேன். "ஒரு நிமிஷம் நிறுத்துப்பா," என்று ஆட்டோக்காரரிடம் சொல்ல வாய் வரை வந்தது. அண்ணா நிற்காதே என்றானே. மூன்றாம் மாடி ஜன்னலில் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே போனேன். அம்மா தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன்.

மறுநாள் முகூர்த்தம். பந்தியில் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மாப்பிள்ளையின் மாமாவோடு சீட்டு ஆடினேன். மூன்று மணிக்கு அண்ணா என்னை மாடிப்படிக்குக் கீழே அழைத்துப் போய் கட்டிக்கொண்டு அழுதான். "இப்பதான்டா போன் வந்தது. அம்மா போய்ட்டாங்க."

அவனைத் தேற்றியது நான். அதை நினைத்தபோது காது சூடாகிவிட்டது.

அண்ணி மெதுவாக சோபாவின் ஓரத்துக்கு வந்து குனிந்தாள். கிசுகிசுத்தாள்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா தீட்டுன்னு கல்யாணம் நின்னிருக்கும் தம்பி. மாப்பிள்ளை வீட்டுக்கு எப்பவுமே தெரியக் கூடாது. தெரிஞ்சா பொண்ணோட வாழ்க்கை என்ன ஆகறது? அவளுக்குக்கூட நாங்க மூச்சு விடலை. அவளுக்காகத்தான் உங்ககிட்டயும் மறைக்க வேண்டியதாப் போச்சு."

அந்தப் பெண் என் தோளில் வளர்ந்தவள். 'லிஃப்ட் சித்தப்பா' என்று எனக்குப் பெயர் வைத்தவள். அந்த ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டேன். சரி, அவளுக்குத் தெரிய வேண்டாம். அவள் மாமியார் வீட்டுக்குத் தெரிய வேண்டாம். இதை விழுங்கிக்கொண்டு போய்விடலாம். விழுங்க முடியும் என்றே அப்போது தோன்றியது.

"அம்மா, பிண்டத்துக்கு சாதம் போதுமான்னு கேளு," என்று சொல்லிக்கொண்டே சமையலறையில் இருந்து அவள் வந்தாள்.

ஈரப் புடவை. கையில் சாதப் பாத்திரம். என்னைப் பார்த்து நின்றவள், "சித்தப்பா..." என்று ஆரம்பித்துத் தலையைக் குனிந்துகொண்டாள். பாத்திரத்தை ஐயர் பக்கத்தில் வைத்தாள். எங்கே வைக்க வேண்டும், எந்தப் பக்கமாக விலக வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பழகியவளின் கை.

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி சுவரைப் பார்த்தாள்.

அண்ணா மூன்று பிண்டங்களையும் பிடித்து வைத்தான். எள் தெளித்தான். காக்கைக்கு எடுத்து வைத்த இலையை யாரோ ஏற்கனவே மொட்டை மாடிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். யார் என்று நான் யோசிக்கவில்லை. மாடிப்படியில் தடதடவென்று கால் சத்தம்.

"மாமா, காக்கா எடுத்துடுச்சு! ரெண்டு வந்தது!"

மாப்பிள்ளை. பல் டாக்டர். இடுப்பில் வேட்டியும் தோளில் துண்டுமாகச் சந்தோஷமாக இறங்கி வந்தவர், கடைசிப் படிக்கு மேல் அப்படியே நின்றுவிட்டார்.

"சின்ன மாமா..."

"வாங்க டாக்டர்," என்றேன். "எத்தனை வருஷமா காக்காவைக் கூப்பிடறீங்க?"

அவர் மாமனாரைப் பார்த்தார். மாமனாரால் பேச முடியாதே! பொய் சொல்லத் தெரியாத மனுஷன், பாவம். "ஆறு வருஷமா," என்றார்.

இப்போது எல்லாம் தெளிவாகிவிட்டது. அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்த மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் குடி முழுகிப்போகும் என்று அண்ணி சொன்னாளோ அந்த மாப்பிள்ளைதான் காக்கைக்குச் சோறு வைக்கிறார். தெரியாதவன் ஒருவன்தான். அவனை வருஷா வருஷம் சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் வரவழைத்து, வேறொரு ஐயரை வைத்து, தவறான நாளில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் அதே மாதிரி தர்ப்பை மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, முந்தின நாளே கொடுத்து முடித்துவிட்ட திதியை இன்னொரு தரம் நடித்துக்காட்டி அனுப்பியிருக்கிறான் அண்ணா. ஒன்பது வருஷம். பகல் இரண்டு மணிக்கு வருகிற அந்தப் போன் எதற்கு என்றும் புரிந்தது. இங்கே பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்க.

ஐயர் முடித்தார். அண்ணா மோதிரத்தைக் கழற்றிப் பிரித்துப் போட்டுவிட்டு, தரையில் கையூன்றி எழுந்தான். பிடிக்கப் போன மாப்பிள்ளையை விலக்கிவிட்டு என் முன்னால் வந்து நின்றான்.

"அடிக்கணும்னா அடிடா."

"உன்னை அடிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது? அம்மா எப்ப போனாங்க? மணி சொல்லு."

"சாயங்காலம் ஏழே கால்."

"அந்த போன்?"

"ஆமா."

"பால்காரன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரிஞ்சே எதுக்கு என்னை அந்தப் பக்கம் மாலை வாங்க அனுப்பினே? ஆஸ்பத்திரி வாசல் வழியாத்தான்டா போனேன். நிக்காதேன்னு வேற சொல்லி அனுப்பினே."

"நீ பக்கத்துல நின்னா உன் முகத்தைப் பார்த்து அழுதுடுவேன் போல இருந்துது. உன்னை எங்கயாவது அனுப்பணும். வாயில வந்ததைச் சொல்லிட்டேன். மாலைக்கடை அந்தப் பக்கம் இருக்கறதுகூட அப்ப நினைப்புல இல்லை." மூக்கை மேல்துண்டால் துடைத்துக்கொண்டான். "தீட்டோட கன்னிகாதானம் பண்ணினது நான். மத்த யாருக்கும் தெரியாது, மத்த யாருக்கும் பாவம் இல்லை. அந்தப் பாவம் என்னோட போகட்டும்னு நினைச்சேன்டா."

"பாவத்தை மட்டுமா வச்சுக்கிட்டே? அம்மாவையும் சேர்த்து வச்சுக்கிட்டியே."

அண்ணன் மகள் அழ ஆரம்பித்தாள். "சித்தப்பாகிட்ட சொல்லிடுங்கன்னு நான் வருஷா வருஷம் சொல்றேன். அப்பா கேட்கலை."

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

மாப்பிள்ளை பதில் சொன்னார். "கடை லைசென்ஸ் மாத்தறதுக்குப் பழைய பேப்பர் எல்லாம் எடுத்தப்போ பாட்டியோட இறப்புச் சான்றிதழ் கிடைச்சுது சின்ன மாமா. தேதி எங்க கல்யாணத்துக்கு முந்தின நாளா இருந்தது. நான்தான் கேட்டேன். எங்க அப்பா அம்மாகிட்டயும் சொன்னேன். 'அந்த மனுஷன் எப்படித் தாங்கினாரோ'ன்னு எங்க அம்மா அழுதாங்க. அவ்வளவுதான். எங்க வீட்டுல யாரும் தப்பா எடுத்துக்கலை."

"அது ஆறு வருஷத்துக்கு முன்னாடி."

"ஆமா."

நான் அண்ணாவின் பக்கம் திரும்பினேன். "சம்பந்தியே அழுதுட்டு விட்டுட்டாங்க. அப்புறம் யாருக்காக மறைச்சே?"

"உன் மூஞ்சியை எப்படிப் பார்க்கறதுன்னு..." என்று இழுத்தான்.

"ஒன்பது வருஷமா பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டுத்தானே இருந்தே. நல்லாத்தானே இருந்துது மூஞ்சி?"

"நீ குடுத்ததும் அவங்களுக்குத்தான்டா போயிருக்கும். அம்மா நாள் பார்ப்பாங்களா?"

"அப்ப நீ எதுக்கு நாள் பார்த்துக் குடுத்தே?"

அந்த ஒரு இடத்தில்தான் நான் உண்மையாக உடைந்தேன். நாளில் நம்பிக்கை இல்லாதவன் என்றால் மன்னித்திருப்பேன். அவனுக்கு நம்பிக்கை இருந்தது. அம்மா துவாதசி அன்று பசியோடு வந்து நிற்பாள் என்று உறுதியாக நம்பினான். அதனால்தான் கடையை மூடி, பட்டினி கிடந்து, தனியாக ஒரு ஐயரைப் பிடித்து, தப்பாமல் கொடுத்தான். தன் பங்கை ஜாக்கிரதையாக அனுப்பிவிட்டு, என்னை மட்டும் ஆளில்லாத வாசலில் இலை போட வைத்தான்.

அண்ணி நடுவில் வந்தாள். "நாளைக்கு நீங்க வழக்கமா பார்க்கற பெரிய ஐயர் வராரு தம்பி. அத்தை வீட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு. இந்த ஒரு தடவை எப்பவும் போல வந்து உட்கார்ந்துடுங்க. அடுத்த வருஷத்துல இருந்து..."

"எதுக்கு உட்காரணும் அண்ணி? நாளைக்கு யார் செத்தாங்க?"

பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்த இளம் ஐயர்தான் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்தார். அவரிடம் போனேன்.

"சாமி, திதி தவறிப்போனவன் என்ன பண்ணணும்?"

"தேய்பிறை ஏகாதசியில குடுக்கலாம். இல்லேன்னா அமாவாசையில. தோஷம் இல்லை." ஒரு நொடி தயங்கினார். "நான் வரட்டுமா?"

"வாங்க. ஏகாதசிக்கு. முகவரி அனுப்பறேன்."

"இப்ப நமஸ்காரம் வேணா பண்ணிக்குங்க. தொட வேண்டாம், தூர இருந்து."

அண்ணா பிண்டத்துக்கு நேர் முன்னால் நின்றுகொண்டிருந்தான். "கொஞ்சம் நகருங்க," என்றேன். நகர்ந்தான். நடை ஓரத்தில் விழுந்து கும்பிட்டுவிட்டு, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தெருமுனை வரை அண்ணன் மகள் பின்னாலேயே வந்தாள். "சித்தப்பா, எங்கிட்ட கோபமா?" என்று கேட்டாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். இல்லை என்று சொல்ல முடியவில்லை.

பதினாலு நாள் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். வேலைக்குப் போனேன், வந்தேன். பகல் இரண்டு மணிக்கு போன் அடித்தால் எடுக்கவில்லை. கடைசி இரண்டு நாள் கடைச் சாப்பாடு இல்லை. நாளுக்கு மூன்று குளியலுக்குக் குறைவில்லை. ஏகாதசி அன்று விடியற்காலையில் என் ஒற்றை அறையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தி, தரையைக் கழுவிவிட்டேன். சமையலுக்கு ஐயரே ஒரு அம்மாளை அழைத்து வந்திருந்தார்.

"என்னிக்குக் காலமானாங்கன்னு நீங்க சொல்லுங்க," என்றார் ஐயர், வேண்டுமென்றேதான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"துவாதசி. சாயங்காலம் ஏழே கால்."

முதல் தடவையாக அந்த வார்த்தையை என் வாயால் சொன்னேன். பக்கத்து மணை காலி. விரல் வழியாக எள்ளும் தண்ணீரும் இறங்கின. பெரிதாக ஏதோ கரைந்து ஓடும், மனசு லேசாகும் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அம்மாவிடம் மனதுக்குள் ஒன்றுதான் சொன்னேன்: எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது.

பிண்டம் வைக்கிற நேரத்தில் திறந்திருந்த வாசலில் நிழல் விழுந்தது. திரும்பாமலே தெரிந்தது. நான்கு மணி நேர பஸ், அதற்கு முன்னால் குளியல். நெற்றியில் காய்ந்த விபூதியோடு அண்ணா நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. எனக்கும் நடுவில் பேசக் கூடாது என்ற சட்டம் வசதியாக இருந்தது. அவனை அங்கேயே நிற்க விட்டு முடித்தேன். கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

மோதிரத்தைக் கழற்றியதும் ஐயர் தாழ்ந்த குரலில் சொன்னார். "திதிச் சாப்பாடு பங்காளி சாப்பிடணும். வாசல்ல நிக்கறாரு. இலை போடுங்க."

போட்டேன். அம்மாவின் பெயரைச் சொல்லிச் சமைத்ததை இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அண்ணா உட்கார்ந்தான். நானே பரிமாறினேன். சாதம், நெய், பருப்பு, காய். அவனுக்குப் பருப்பு நிறைய வேண்டும் என்று கை தானாகவே இன்னொரு கரண்டி வைத்தது. அதைப் பார்த்து அவன் கண் கலங்கியது. தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டான்.

"நீயும் உட்காருடா, சேர்ந்து சாப்பிடலாம்."

"நீங்க சாப்பிடுங்க."

நாலு வாய் சாப்பிட்டான். "அடுத்த வருஷம் துவாதசிக்கு வந்துடு. ஒரே ஐயர், ஒரே நாள். எல்லாத்தையும் நேர் பண்ணிடலாம். அப்பா வீட்டைப் பிரிச்சோம், அவரோட பழைய கடையைப் பிரிச்சோம். அம்மா திதியை மட்டும் நாம பிரிக்கலையேடா. அதைப் பிரிச்சுடாதே."

மோர் பாத்திரத்தை அவன் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தேன்.

"அது பிரிஞ்சு ஒன்பது வருஷம் ஆச்சு," என்றேன். "எனக்குத்தான் யாரும் சொல்லலை. துவாதசி அன்னிக்கு நான் இங்கயே குடுத்துக்கறேன். நீங்க அங்க குடுங்க."

அவன் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வாசல் வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு தரம் திரும்பினான். என் கன்னத்தைத் தட்டக் கை பாதி வரை வந்தது. நான் ஒரு அடி பின்னால் போய், அவன் சாப்பிட்ட இலையை எடுத்து மடித்தேன்.